சாமி நம்பிக்கை கூடவே பிறக்கிறதா, கூட இருப்பவர்களிடமிருந்து வருகிறதா? ஆண்டாள் ஊரிலிருந்து ஒரு தேடல்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளியைப் பார்த்திருப்பீர்கள். மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் மூக்கு, வாழைநாரில் கட்டு. வாடிப்போகிற பொருள் என்பதால் தினமும் புதுக் கிளி செய்கிறார்கள். முதல்நாள் கிளி பிரசாதமாக யாராவது ஒரு பக்தர் வீட்டுக்குப் போய்விடும். காய்ந்து சருகான பிறகும் அதைத் தூக்கிப்போட மனசு வராமல் பூஜையறையில் வைத்திருக்கும் வீடுகள் எங்கள் ஊரில் நிறைய.

அப்படி ஒரு கிளியைப் பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டு வந்தாள் என் அக்கா மகள். ஐந்து வயசு. "சித்தி, அந்தக் கிளி ராத்திரி தூங்குமா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "பாத்தியா? யாருமே சொல்லித் தரல. அதுவா வருது. இயற்கையா வர்றதை நாம எதுக்குத் தடுக்கணும்?" அத்தானுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. "அதுவா ஒண்ணும் வரல. தெருவுல, டிவியில, ஸ்கூல்ல எல்லாரும் சொல்றாங்க. யாருமே சொல்லலைன்னா வராது" என்றார். குழந்தைக்குச் சொல்ல வேண்டிய பதிலை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள்.

இது எங்கள் வீட்டுச் சண்டை மட்டும் இல்லை. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், நடுவில் குழந்தை என்று எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், அக்கா சொன்னதையும் அத்தான் சொன்னதையும் சோதித்துப் பார்க்க முடியும். மனித மனம் இயல்பாகவே கடவுள் நம்பிக்கையை நோக்கிச் சாய்கிறதா என்று உளவியல் ஆய்வாளர்கள் சில பத்தாண்டுகளாகச் சோதித்துக்கொண்டும் இருக்கிறார்கள். கடவுள் இருக்கிறாரா, இல்லையா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் ஆள் பலம் இல்லை.

முக்கோணத்துக்கு ஏன் கோபம்?

1944-ல் ஃப்ரிட்ஸ் ஹைடர், மேரியான் சிம்மல் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சின்னப் படம் தயாரித்தார்கள். பெரிய முக்கோணம் ஒன்று, சின்ன முக்கோணம் ஒன்று, ஒரு வட்டம். கதவு வைத்த ஒரு கட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் இவை நகர்கின்றன. அவ்வளவுதான் படம். 34 மாணவர்களுக்குப் போட்டுக்காட்டி, "என்ன நடந்தது என்று எழுதுங்கள்" என்றார்கள். ஒரே ஒருவர்தான் வடிவங்களின் அசைவை அசைவாகவே எழுதினார். மற்ற எல்லோரும் கதை எழுதினார்கள். பெரிய முக்கோணம் வம்புக்கு வருகிறது, சின்னது எதிர்த்து நிற்கிறது, வட்டம் பயந்து ஒளிகிறது.

அந்தப் படம் இன்றும் யூடியூபில் கிடைக்கிறது. பார்த்தால் உங்களுக்கும் பெரிய முக்கோணத்தின் மேல் கோபம் வரும். எனக்கு வந்தது.

எதைப் பார்த்தாலும் அதற்குள் ஒரு மனசை வைத்துப் பார்ப்பது நம் பழக்கம். ஸ்டார்ட் ஆகாத பைக்கை உதைத்துத் திட்டாதவர் யார்? கல் தடுக்கி விழுந்த குழந்தையைச் சமாதானப்படுத்த அந்தக் கல்லுக்கு இரண்டு அடி கொடுக்காத பாட்டி உண்டா? அமெரிக்க மானுடவியலாளர் ஸ்டூவர்ட் கத்ரீ, மதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று 1993-ல் ஒரு புத்தகமே எழுதினார். மேகத்தில் முகம் தெரிகிற அதே கண்தான் மலையில், மரத்தில், புயலில் ஒரு ஆளைப் பார்க்கிறது என்பது அவர் வாதம்.

ஏன் இப்படி ஒரு பழக்கம்? ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஊரிலிருந்து மேற்கே போனால் செண்பகத்தோப்பு. சாம்பல் நிற அணில்களுக்காக 1988-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு, 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் நடக்கும்போது புதர் அசைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றுதான் என்றால், யானை என்று நினைத்து ஓடியவருக்குக் கொஞ்சம் மூச்சிரைக்கும், கூட வந்தவர்கள் சிரிப்பார்கள். நிஜமாகவே யானை என்றால், காற்று என்று நினைத்து நின்றவருக்குச் சிரிக்க ஆள் இருக்காது. லட்சக்கணக்கான வருஷம் காட்டில் வாழ்ந்த நம் முன்னோர்களில் அடிக்கடி தப்பாகப் பயந்தவர்கள்தான் பிழைத்திருப்பார்கள். "அங்கே யாரோ இருக்காங்க" என்று நம் மூளை அவசரப்படுவது அவர்கள் விட்டுப்போன சொத்து. உளவியலாளர் ஜஸ்டின் பாரெட் போன்றவர்கள் சொல்லும் விளக்கம் இது.

பாறை ஏன் கூராக இருக்கிறது?

அக்கா கட்சிக்கு இன்னும் வலுவான சாட்சி குழந்தைகளிடமிருந்து வருகிறது. பாஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர் டெபோரா கெலிமன் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் குழந்தைகளிடம் "பாறைகள் ஏன் கூராக இருக்கின்றன?" என்று கேட்டார். மண்ணும் கல்லும் நாள்பட நாள்பட ஒன்றின் மேல் ஒன்று சேர்ந்ததால் என்பது ஒரு பதில். விலங்குகள் அரிப்பெடுத்தால் உரசிக்கொள்வதற்காக என்பது இன்னொரு பதில். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள்கூட இரண்டாவதைத்தான் அதிகம் விரும்பினார்கள். உலகத்தில் உள்ள எல்லாம் எதற்காகவோ இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றுகிறது.

என் அக்கா மகளிடம் நானும் கேட்டேன். "மலை எதுக்குடா இருக்கு?" "மழை வர்றதுக்கு." மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி வாழும் ஊரில் இந்தப் பதிலுக்குப் பாதி மார்க் கொடுத்தே ஆகவேண்டும். பூகோளப் புத்தகத்தில் இருப்பது "மலை இருப்பதால் மழை". அவள் சொன்னது "மழைக்காக மலை". இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சின்ன இடைவெளியில்தான் கெலிமனின் ஆராய்ச்சி முழுவதும் நிற்கிறது.

படித்தால் இது போய்விடுமா? 2013-ல் கெலிமனும் அவர் குழுவும் இதே மாதிரிக் கேள்விகளை அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் வேலை பார்க்கும் விஞ்ஞானிகளிடம் கொண்டுபோனார்கள். யோசிக்க நேரம் கொடுத்தபோது விஞ்ஞானிகள் சரியாகவே சொன்னார்கள். சில விநாடிக்குள் பதில் சொல்லவேண்டும் என்று நெருக்கியபோது, "மரங்கள் ஆக்சிஜன் தருவது விலங்குகள் சுவாசிப்பதற்காக" என்ற ரகத்தில் வரும் வாக்கியங்களைச் சரி என்று டிக் செய்வது அதிகமானது. 2007-ல் வந்த இன்னொரு ஆய்வு கொஞ்சம் மனதைப் பிசைகிறது. அல்சைமர் நோயால் நினைவை இழந்துகொண்டிருக்கும் முதியவர்களும் குழந்தைகளைப் போலவே "எதற்காகவோ" என்ற விளக்கங்களுக்குத் திரும்புகிறார்கள். படிப்பு அந்தப் பழைய எண்ணத்தை அழிக்கவில்லை, மேலே ஒரு போர்வை போர்த்தியிருக்கிறது என்று அதற்குப் பொருள் சொன்னார்கள்.

பாரெட்டின் பிஸ்கட் டப்பா சோதனையையும் சேர்த்துக்கொள்ளலாம். பிஸ்கட் படம் போட்ட டப்பாவைத் திறந்தால் உள்ளே கூழாங்கல். மூடிவிட்டு, "உங்க அம்மா வந்து பார்த்தா உள்ள என்ன இருக்குன்னு நினைப்பாங்க?" என்று கேட்டால், மூன்று வயதுக் குழந்தை "கல்" என்கிறது. தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிற வயது. ஐந்தாறு வயதில் "அம்மா பிஸ்கட்னு ஏமாந்துடுவாங்க" என்று சரியாகச் சொல்கிறது. கடவுள்? "அவருக்குக் கல்லுன்னு தெரியும்." எல்லாம் தெரிந்த ஒருவரைக் கற்பனை செய்யக் குழந்தை சிரமப்படவே இல்லை. அம்மாவுக்கு எல்லாம் தெரியாது என்பதைத்தான் அது கஷ்டப்பட்டுக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2012-ல் பாரெட் எழுதிய புத்தகத்தின் தலைப்பைத் தமிழில் சொன்னால், "பிறவி நம்பிக்கையாளர்கள்".

இதோடு கட்டுரையை முடித்திருந்தால் அக்கா எனக்கு ஒரு கிலோ பால்கோவா வாங்கிக் கொடுத்திருப்பாள்.

ஆனால், "எதற்காகவோ இருக்கிறது" என்று நினைப்பதும் "கடவுள் படைத்தார்" என்று நம்புவதும் ஒன்றா? கெலிமன் குழுவினர் சீனாவிலும் இதே மாதிரிச் சோதனை செய்து 2017-ல் வெளியிட்டார்கள். மத நம்பிக்கை மிகக் குறைவான சீனர்களும் அவசரப்படுத்தினால் "எதற்காகவோ" என்றுதான் சாய்ந்தார்கள். அந்தச் சாய்வு அவர்களைக் கோயிலுக்குக் கொண்டுபோய் விட்டுவிடவில்லை.

அத்தானுக்குச் சாதகமான ஆய்வு 2014-ல் வந்தது. கேத்லீன் கொரிவோ குழுவினர் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு அற்புதங்கள் நடக்கும் கதைகளைச் சொல்லி, "இவர் நிஜமா இருந்தவரா, கதையில வர்றவரா?" என்று கேட்டார்கள். சர்ச்சுக்குப் போகும் அல்லது மதப்பள்ளியில் படிக்கும் குழந்தைகள் நிஜம் என்றார்கள். இரண்டும் இல்லாத வீட்டுக் குழந்தைகள் கதை என்றார்கள். கடலைப் பிளப்பது நடக்காத காரியம் என்பது அந்த வயதிலேயே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குழந்தை பிறவியிலேயே நம்பிக்கையாளர் என்றால், சொல்லித்தராத வீட்டுப் பிள்ளைகளும் தலையாட்டியிருக்க வேண்டும். ஆட்டவில்லை.

(ஜீனில் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: டீன் ஹேமர் 2004-ல் "கடவுள் ஜீன்" என்று புத்தகம் எழுதிப் பரபரப்பாக்கினார். ஒற்றை ஜீனில் இவ்வளவு பெரிய விஷயம் அடங்கும் என்பதைச் சக ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "மதம் இல்லை" என்றவர்கள் 2011-ல் 25.2 சதவிகிதம், 2021-ல் 37.2 சதவிகிதம். பத்து வருஷத்தில் ஜீன் மாறாது.)

பூக்குழியில் துடிக்கும் நெஞ்சு

சரி, சொல்லித்தருவதால் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். வாயால் சொன்னால் மட்டும் போதுமா? பூச்சாண்டி கதை சொல்லித்தான் எல்லாப் பிள்ளைக்கும் சோறு ஊட்டுகிறோம். பத்து வயதில் எந்தப் பிள்ளையும் பூச்சாண்டியை நம்புவதில்லை. சாமி மட்டும் எப்படி நிலைக்கிறது?

இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் ஜோசப் ஹென்ரிக் 2009-ல் எழுதியது. சொல்வதற்குச் செலவில்லை. ஆகவே வெறும் சொல்லை மனித மனம் சந்தேகப்படும். சொன்னவர் அதற்காகக் கஷ்டப்படுவதைப் பார்த்தால் நம்பும். பூச்சாண்டிக்காக எந்த அம்மாவும் விரதம் இருப்பதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இதை விளக்கவே தேவையில்லை. பங்குனியில் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழி. மஞ்சள் சேலையில், கையில் வேப்பிலையோடு வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கானவர்கள் தணலில் இறங்குவார்கள். அந்த நெருக்கத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பையனை நினைத்துப் பாருங்கள். அவன் அம்மா நாற்பது நாளாக வீட்டில் கவுச்சி சமைக்கவில்லை, செருப்புப் போடவில்லை. இப்போது நெருப்பை நோக்கி நடக்கிறாள். மாரியம்மன் இருக்கிறாள் என்று அவனிடம் யாரும் வாதம் செய்யவில்லை. அதற்கு அவசியமும் இல்லை.

ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்ற சின்ன ஊரிலும் தீமிதி உண்டு. இன்னொருவரை முதுகில் சுமந்துகொண்டு மிதிப்பார்கள். அங்கே போய் மிதிப்பவர்களின் இதயத்துடிப்பையும் பார்ப்பவர்களின் இதயத்துடிப்பையும் ஒரே நேரத்தில் கருவி வைத்து அளந்தது ஓர் ஆய்வுக் குழு. 2011-ல் வெளியான முடிவு: மிதிப்பவரின் நெஞ்சும், கூட்டத்தில் சும்மா உட்கார்ந்திருந்த அவருடைய சொந்தக்காரர்கள், நண்பர்களின் நெஞ்சும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின. வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர்களிடம் அது இல்லை. பூக்குழியில் அக்காவோ அம்மாவோ இறங்கும்போது கரையில் நின்றவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

அந்தக் குழுவில் இருந்த டிமித்ரிஸ் சிகலாட்டாஸ் பிறகு மொரீஷியஸ் போனார். கரும்புத் தோட்ட வேலைக்காகப் போன நம் ஆட்களின் வாரிசுகள் அங்கே இன்றும் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். அலகு குத்தி, கொளுத்தும் வெயிலில் முருகன் கோயில் மலை வரை நடை. காவடி முடித்தவர்கள், அவர்களோடு கூடவே நடந்து வந்தவர்கள், வேறொரு நாளில் கோயிலில் கூட்டு வழிபாடு மட்டும் செய்தவர்கள் என்று மூன்று தரப்பிடமும் சில கேள்விகள் கேட்டு, பதில் சொன்னதற்குக் கூலியாக ஆளுக்கு 200 ரூபாய் கொடுத்தார்கள். பிறகு, யாரும் பார்க்காத இடத்தில் கோயிலுக்கு நன்கொடை போட ஒரு வாய்ப்பு. கூட்டு வழிபாட்டுக்காரர்கள் சராசரியாகச் சுமார் 80 ரூபாய் போட்டார்கள். காவடி எடுத்தவர்கள் சுமார் 130. அலகு எதுவும் குத்தாமல் கூட நடந்தவர்கள்? சுமார் 160!

வலித்தது ஒருவருக்கு, மனசு நெகிழ்ந்தது பக்கத்தில் நடந்தவருக்கு. 2013-ல் வந்த இந்த முடிவைப் படித்தபோது எனக்கு அத்தான் ஞாபகம்தான் வந்தது. "எல்லாரும் சொல்றாங்க" என்றார் அல்லவா, அதில் ஒரு சொல்லை மட்டும் மாற்றவேண்டும். எல்லோரும் செய்கிறார்கள்.

ஆண்டாள் ஊரில் இன்னொன்றும் உண்டு. பெரியாழ்வார் நந்தவனத்துத் துளசிச் செடியடியில் கிடைத்த குழந்தை, பூமாலையைச் சூடிப் பார்த்துக் கொடுத்த சிறுமி, இந்த ஊர்த் தெருக்களில் நடந்த பெண். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அவளைப் பற்றிப் பேசும்போது பிரபஞ்சத்தைப் படைத்தது யார் என்றெல்லாம் யோசிப்பதில்லை. வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுகிறார்கள். 2018 ஜனவரியில் ராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து ஆற்றிய உரையில் ஆண்டாளைப் பற்றி வந்த ஒரு குறிப்புக்கு எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கலாம். சரி, தப்பு என்பதற்குள் நான் போகவில்லை. அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும், எங்கள் தெருவில் அன்றைக்குப் பேசியவர்களின் குரலில் இருந்தது சொந்தக்காரப் பெண்ணைப் பேசிவிட்டார்கள் என்கிற வருத்தம்தான். பாறை ஏன் கூராக இருக்கிறது என்ற கேள்வியிலிருந்து இந்த வருத்தத்துக்கு நேர்வழி கிடையாது. நடுவில் ஒரு ஊர் இருக்கிறது, ஆடிப்பூரத் தேர் இருக்கிறது, தினமும் கிளி கட்டுகிற கைகள் இருக்கின்றன.

நம்பாதவர்களும் இந்த மண்தான்

இயல்பாகவே நம்பிக்கை வருகிறது என்றால், நம்பாதவர்கள் என்ன இயல்புக்கு விரோதமானவர்களா? இந்தக் கேள்வியை அத்தான் சார்பில் நான் கேட்டாக வேண்டும். ஏனென்றால் "உனக்கு ஏதோ குறை" என்ற பார்வையை அவர் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

மணிமேகலையில் பல சமயத்தாரும் தங்கள் கொள்கையைச் சொல்லும் இடத்தில், பூதவாதி ஒருவரும் வருகிறார். மறுபிறவி இல்லை, கண்ணுக்குத் தெரிகிற உலகமே உண்மை என்கிற கட்சி. அவருடைய பேச்சுக்கும் காப்பியத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறது. 1882-ல் சென்னையில் "தத்துவ விவேசினி" என்று ஒரு தமிழ்ப் பத்திரிகை, சென்னை இலௌகீக சங்கத்தின் சார்பில் நாத்திகம் பேசிக்கொண்டு வந்தது. பெரியார் "குடிஅரசு" தொடங்கியது 1925-ல். நம்பாமை வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு என்பவர்கள் இந்தத் தேதிகளைப் பார்க்கவேண்டும்.

1953 மே 27-ல் பெரியார் திருச்சியில் மேடையில் வைத்துக் களிமண் பிள்ளையார் சிலையை உடைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1958-ல் தீர்ப்பு வந்தது. கடையில் வாங்கிய களிமண் பொம்மை, கோயில் சிலை இல்லையே என்ற வகையில் கீழ்க் கோர்ட்டுகள் வழக்கைத் தள்ளியிருந்தன. உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. பொருள் எவ்வளவு அற்பமானதாக இருந்தாலும், ஒரு பிரிவு மக்கள் அதைப் புனிதம் என்று கருதினால் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று சொன்னது. ஆனால், நாளாகிவிட்டது என்று வழக்கை மீண்டும் கிளறவும் மறுத்துவிட்டது. களிமண் எப்போது சாமியாகிறது, மரவள்ளி இலை எப்போது கிளியாகிறது என்பதற்கு உளவியலாளர்கள் சுற்றிவளைத்து வந்து சேரும் இடமும் ஏறக்குறைய அதுதான். பத்துப் பேர் சேர்ந்து கருதும்போது.

அதே பிள்ளையார் 1995 செப்டம்பர் 21-ல் பால் குடித்தார். நான் பிறப்பதற்கு முந்தைய கதை. செல்போன் பெரிதாக வராத காலத்தில், ஒரே நாளில் வட இந்தியாவிலிருந்து லண்டன் வரை கோயில் வாசல்களில் ஸ்பூனும் கையுமாக வரிசை. மத்திய அரசின் அறிவியல் பரப்புக் குழுவினர் பாலில் நிறம் கலந்து ஊட்டி, அது சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்குவதைக் காட்டினார்கள். திரவத்தின் பரப்பு இழுவிசை செய்த வேலை. அன்றைக்கு வரிசையில் நின்றவர்களில் டாக்டர்களும் இன்ஜினீயர்களும் உண்டு. அறிவு குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. முன்னால் நிற்கும் நூறு பேர் சேர்ந்து தப்பு செய்யமாட்டார்கள் என்று நம்புவதும் மனித இயல்புதான். அந்த நம்பிக்கையால்தான் நாம் தெரியாத ஊரில் கூட்டமாக இருக்கும் ஓட்டலைத் தேடிச் சாப்பிடுகிறோம்.

நூறு வருஷப் பிரசாரத்துக்குப் பிறகும் நாடு எப்படி இருக்கிறது? பியூ ஆய்வு மையம் 2019 நவம்பரிலிருந்து 2020 மார்ச் வரை இந்தியாவில் ஏறக்குறைய 30,000 பேரிடம் எடுத்த சர்வேயில் 97 சதவிகிதம் பேர் கடவுளை நம்புவதாகச் சொன்னார்கள். அதே சர்வேயில் பௌத்தர்களில் மூன்றில் ஒருவர் கடவுளை நம்பவில்லை என்கிறார். ஆனாலும் அவர்கள் பௌத்தர்கள்தான். மதம் என்றாலே கடவுள் நம்பிக்கை என்று முடிவுகட்டுவதும் அவசரமோ என்று தோன்றுகிறது. பகுத்தறிவு இயக்கத்திலிருந்து வந்த கட்சிகள் 1967-லிருந்து மாறி மாறி ஆண்ட மாநிலத்தின் முத்திரையில் இன்றும் ஒரு கோபுரம் இருக்கிறது. அது எங்கள் கோபுரம்தான் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் பெருமையாகச் சொல்வார்கள், அத்தான் உட்பட.

எலி செத்துப்போச்சு, அம்மாவைத் தேடுமா?

கடைசியாக ஒன்று. நம்பிக்கையின் வேர் எங்கே என்று தேடும்போது எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் சாவுதான்.

2004-ல் ஜெஸ்ஸி பெரிங், டேவிட் பியார்க்லண்ட் இருவரும் குழந்தைகளுக்கு ஒரு பொம்மலாட்டம் காட்டினார்கள். முதலை ஒன்று குட்டி எலியைச் சாப்பிட்டுவிடுகிறது. "எலிக்கு இனிமே பசிக்குமா?" என்று கேட்டால் பல குழந்தைகள் இல்லை என்றார்கள். "எலி அதோட அம்மாமேல இன்னும் பாசமா இருக்குமா?" ஆமாம் என்றார்கள். உடம்பு நின்றுவிடுகிறது, பாசம் நிற்பதில்லை. சின்னக் குழந்தைகளிடம்தான் இந்தப் பதில் அதிகம்.

ஆனால் மடகாஸ்கர் தீவின் வெசோ மக்களிடம் ரீட்டா அஸ்டுட்டி, பால் ஹாரிஸ் இருவரும் செய்து 2008-ல் வெளியிட்ட ஆய்வு வேறு திசையில் போகிறது. அங்கே "செத்தால் எல்லாம் முடிந்தது" என்று தெளிவாகச் சொன்னவர்கள் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள். இறந்தவர் இன்னும் நினைக்கிறார், ஏங்குகிறார் என்று அதிகம் சொன்னவர்கள் பெரியவர்கள். அதுவும் ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்த கதையைச் சொல்லிக் கேட்டால் குறைவாக, கல்லறைச் சடங்கு வரும் கதையைச் சொல்லிக் கேட்டால் அதிகமாக. ஒரே ஊர், ஒரே மக்கள். எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

நமக்கு இது அந்நியமாகத் தெரியாது. எங்கள் மலைக்கு அந்தப் பக்கம், தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் புலிமான்கோம்பை என்ற ஊரில் 2006-ல் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கும் பழையவை. அதில் ஒன்று மாடு பிடிச் சண்டையில் செத்த ஒருவனுக்காக நட்ட கல். செத்தவனுக்குக் கல் நட்டு, படையல் வைத்து, கொஞ்ச காலத்தில் அவனிடமே மழை கேட்டு நிற்கிற வழக்கம் இந்தப் பக்கத்து எல்லைச் சாமிகள் பலருக்கும் பூர்வீகம். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிற கூட்டத்தில் எத்தனை பேர் சுந்தர மகாலிங்கத்துக்காக ஏறுகிறார்கள், எத்தனை பேர் செத்துப்போன அப்பாவுக்காக ஏறுகிறார்கள் என்று பிரிக்க முடியாது.

என் அம்மாவின் அப்பா ராஜபாளையத்தில் மில் தொழிலாளி. கருப்புச் சட்டைக்காரர். எனக்கு விவரம் தெரிந்து கோயில் படி ஏறியதில்லை. தான் செத்தால் எந்தச் சடங்கும் கூடாது, திதி கொடுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். அப்படியே செய்தோம். அம்மாச்சிக்குச் சாமி நம்பிக்கை நிறைய உண்டு, ஆனாலும் அவர் பேச்சை மீறவில்லை. ஐயர் வரவில்லை, பிண்டம் வைக்கவில்லை.

வருஷா வருஷம் அந்தத் தேதியில் அம்மாச்சி பருத்திப்பால் காய்ச்சுவாள். தாத்தாவுக்கு அது உசிர். கருப்பட்டி கொஞ்சம் தூக்கலாகப் போட்டு ஒரு டம்ளர் அவர் போட்டோவுக்கு முன்னால் வைப்பாள். சூடம், பத்தி, பூ எதுவும் இருக்காது. "அவருதான் செத்துட்டாரே அம்மாச்சி, இதெல்லாம் நம்பமாட்டாரே" என்று போன வருஷம் கேட்டேன். "நம்பமாட்டாருதான். ஆறிப்போனா குடிக்கவும் மாட்டாரு" என்று சொல்லிவிட்டு, டம்ளரைத் தொட்டுப் பார்த்து, உள்ளே எடுத்துப் போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்தாள்.